எந்தப் படம் செல்லும்? விசாப் புகைப்பட விதிகள் குறித்த ஒரு மறுபார்வை

விசா விண்ணப்பத்தில் கவலைப்பட எத்தனையோ இருக்கின்றன: வங்கிக் கணக்கு, வேலைச் சான்று, அழைப்புக் கடிதம், நேர்காணல். இவை எல்லாம் சரியாக இருந்தும், காதோரம் விழுந்த ஒரு நிழலுக்காகவோ தலை இரண்டு மில்லிமீட்டர் பெரிதாகிவிட்டதற்காகவோ கோப்பு நின்றுபோவதுண்டு. இவ்வளவு அற்பமான காரியம் ஏன் இவ்வளவு பேரை அலைக்கழிக்கிறது? விண்ணப்பதாரரின் கவனக்குறைவு என்பது அலுவலகங்களின் வழக்கமான பதில். அது பாதி உண்மைதான்.

எந்தப் படம் செல்லும் என்ற கேள்விக்கு ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளாக அரசுகள் விடை சொல்லி வருகின்றன. பார்த்தவுடன் ஆள் தெரிய வேண்டும் என்றது ஒரு காலம். எல்லாப் படமும் ஒரே அளவில், ஒரே கோணத்தில் இருக்க வேண்டும் என்றது அடுத்த காலம். பிறகு இயந்திரம் படிக்கும்படி இருக்க வேண்டும் என்றார்கள். இப்போது, படம் யார் கையிலிருந்து வந்தது என்று கேட்கிறார்கள். புதிய விடை வந்தபோது பழையது ஒதுங்கிக்கொள்ளவில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டது. நான்கு கேள்விக்கும் ஒரே படம் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அவை ஒன்றோடொன்று இடிக்கும் இடங்களில்தான் நியாயமான படங்களும் தள்ளுபடியாகின்றன என்பது இக்கட்டுரையின் கருத்து.

சீட்டில் ஒட்டிய முகம்

பாஸ்போர்ட் படத்தின் வரலாற்றை முதல் உலகப் போரிலிருந்து தொடங்குவது வழக்கம். நம்மவர்களைப் பொறுத்தவரை கதை அதற்கும் முந்தையது. மொரீஷியஸ் தீவின் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்னைத் துறைமுகம் வழியாகவும் கல்கத்தா வழியாகவும் கொண்டுசெல்லப்பட்ட ஒப்பந்தக் கூலிகளில், ஒப்பந்தம் முடிந்து அங்கேயே தங்கியவர்கள் ‘பழைய குடியேறிகள்’ எனப்பட்டனர். அவர்கள் தங்கள் புகைப்படம் ஒட்டிய சீட்டை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும் என்று 1867ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. சீட்டு இல்லாமல் பிடிபட்டால் சிறை. படத்துக்கான செலவும் அவர்கள் தலையில்தான். 1871இல் அதோல்ஃப் த பிளெவிட்ஸ் திரட்டிய மனுவில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கைநாட்டும் கையெழுத்தும் இட்டனர். அவர்களுடைய குறைகளில் இந்தச் சீட்டு முறையும் ஒன்று. அதைத் தொடர்ந்து அரச விசாரணைக் குழுவே வந்தது. அந்தக் காலத்துக் குடியேறிகளின் முகங்கள் இன்றும் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன.

அமெரிக்காவிலும் இதே வரிசைதான். சீனர்களின் வருகையைத் தடுத்த 1882ஆம் ஆண்டுச் சட்டத்தை 1892இல் கியரி சட்டம் நீட்டித்தது. 1893இல் வந்த திருத்தம் சீனத் தொழிலாளர்களின் வசிப்புச் சான்றிதழில் புகைப்படத்தைக் கட்டாயமாக்கியது. அந்நாட்டில் வேறெந்தக் குடியேறிக்கும் அப்போது அந்த நிபந்தனை இல்லை.

போர் வந்தபின்தான் இந்த நிபந்தனை எல்லோருக்கும் பொதுவானது. 1914இல் கார்ல் ஹான்ஸ் லோடி என்ற ஜெர்மானிய உளவாளி, ஓர் அமெரிக்கருடைய உண்மையான பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு பிரிட்டனில் உலவினார். அந்தத் தாளில் படம் இல்லை. பெயரும் உருவ விவரமும்தான். அந்த நவம்பரில் லண்டன் கோபுரக் கோட்டையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த மாதமே அமெரிக்கா பாஸ்போர்ட்டில் புகைப்படம் கேட்டது. 1915இல் பிரிட்டனும் கேட்டது. ஆனால் எப்படிப்பட்ட படம் என்று யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. தொப்பியோடு நின்ற படம், மனைவி மக்களோடு எடுத்த படம் எல்லாம் செல்லுபடியாயின. அதிகாரி முகத்தைப் பார்ப்பார், படத்தைப் பார்ப்பார், முத்திரை குத்துவார்.

இந்த முதல் விடையின் பலம் அதன் எளிமை. பலவீனம், சாயல் இருக்கிறதா என்று தீர்மானிப்பது முழுக்க முழுக்க மேசைக்குப் பின்னால் இருப்பவரின் கண்ணை நம்பியிருப்பது. அந்தக் கண் எவ்வளவு நம்பத்தக்கது என்பதைப் பின்னால் பார்ப்போம். அதோடு, முதலில் சந்தேகத்துக்குரியவர்கள் என்று கருதப்பட்டவர்கள்மேல் திணிக்கப்பட்ட முறையே பிறகு பயணிகள் அனைவருக்கும் விரிந்தது என்பதை மறந்துவிட முடியாது. விதிகளின் தொனியில் அந்தப் பழைய வாசனை இன்னும் இருக்கிறது.

அளவுகோல் பிடித்தவர்கள்

அளவுக்குள் முகத்தை அடக்கும் வேலையைத் தொடங்கியவர் குடியேற்ற அதிகாரி அல்லர், பாரிஸ் காவல்துறையின் எழுத்தர் அல்ஃபோன்ஸ் பெர்த்தியோன். 1880களில் அவர் கைதிகளை ஒரே தூரத்தில், ஒரே ஒளியில், நேர்முகமாகவும் பக்கவாட்டிலும் எடுக்கவைத்தார். படம் அழகாக இருக்க வேண்டியதில்லை, ஒப்பிடத்தக்கதாக இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. இன்றைய விசாப் படத்தில் முகம் இறுகி, கைதி போலத் தெரிகிறது என்று சிலர் அங்கலாய்ப்பதற்கு வரலாற்றில் ஆதாரம் இருக்கிறது.

இந்தக் கொள்கை பயண ஆவணங்களுக்கு வந்துசேர வெகுகாலம் பிடித்தது. 1920இல் பாரிஸில் உலக நாடுகள் சங்கம் கூட்டிய மாநாடு பாஸ்போர்ட் புத்தகத்துக்குப் பொது வடிவம் தந்தது. பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பு, இயந்திரம் படிக்கும் பாஸ்போர்ட்டுக்கான 9303ஆம் எண் ஆவணத்தை 1980இல் வெளியிட்டது. முகத்தையே பாஸ்போர்ட் சிப்பின் முதன்மை அடையாளமாகக் கொள்வது என்று 2003இல் அதே அமைப்பு முடிவுசெய்தது. கைரேகையும் கருவிழியும் விருப்பத்துக்கு விடப்பட்டன. முகத்தை மக்கள் எப்படியும் உலகுக்குக் காட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள், படம் தருவது பழகிப்போன காரியம், இயந்திரம் பழுதானாலும் மனிதர் பார்த்துச் சொல்லலாம் என்பன அதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள். 2005இல் வந்த ஐ.எஸ்.ஓ. 19794-5 தரநிலை தலையின் அளவு, கண்களின் இடம், ஒளி, பின்னணி எல்லாவற்றையும் வரையறுத்தது.

அப்படியானால் உலகம் முழுக்க ஒரே படம் செல்லவேண்டுமே என்று தோன்றும். செல்லாது. அமெரிக்க விசாவுக்கு இரண்டு அங்குலச் சதுரம், அதாவது 51க்கு 51 மி.மீ.; தலை 25 முதல் 35 மி.மீ. ஷெங்கன் நாடுகளுக்கும் பிரிட்டனுக்கும் 35க்கு 45 மி.மீ. சீன விசாவுக்கு 33க்கு 48. கனடாவின் நிரந்தரக் குடியிருப்புக்கு 50க்கு 70, அதில் முகம் 31 முதல் 36 மி.மீ. பின்னணியாக அமெரிக்கா வெள்ளை கேட்கும், ஜெர்மனி வெளிர்ச் சாம்பலை விரும்பும்.

இந்த எண்களைவிடத் தொல்லை தருவது, எங்கிருந்து எங்கே அளப்பது என்பது. அமெரிக்க விதிப்படி தலையின் உயரம் தாடையின் அடியிலிருந்து முடியின் உச்சிவரை. முடியும் கணக்கில் சேரும். கனடாவின் விதிப்படி தாடையிலிருந்து மண்டையின் இயல்பான உச்சிவரை, முடி சேராது. ஒட்ட வெட்டிய தலைக்கு இரண்டும் ஒன்றுதான். உச்சிக் கொண்டை போட்டவருக்கும் அடர்ந்த சுருள்முடிக்காரருக்கும் ஒன்றல்ல. கனடாவுக்குச் சரியாக அளந்த முகம் அமெரிக்கச் சட்டகத்தில் தலை பெரிது என்று தள்ளப்படலாம். விவரம் தெரிந்த ஸ்டுடியோக்காரர், தலையைச் சுற்றித் தாராளமாக இடம் விட்டு ஒரே படத்தை அதிகப் பிக்சலில் எடுத்துவைத்துக்கொண்டு, நாட்டுக்கு ஏற்றபடி வெட்டித்தருவார். நெருக்கமாக எடுத்துவிட்டால் எந்தக் கத்தரியாலும் இடத்தைக் கூட்ட முடியாது. வெள்ளைப் பின்னணியை இழுத்து ஒட்டினால் அது திருத்திய படமாகிவிடும்.

தரப்படுத்தல் தேவையில்லை என்று இன்று யாரும் வாதிடுவதில்லை. தரநிலை ஒன்று, நடைமுறை பல என்பதுதான் குறை. தரநிலைகள் ஒரு சராசரி முகத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை என்பது இன்னும் ஆழமான குறை.

வெள்ளைத் திரையின் முன்னால்

அந்தச் சராசரி முகம் யாருடையது என்ற கேள்வி புகைப்படத் துறைக்கே பழையது. கோடாக் நிறுவனத்தின் வண்ணப் பிரிண்டுகளைச் சரிபார்க்கப் பல ஆண்டுகள் பயன்பட்ட ‘ஷர்லி அட்டை’யில் இருந்தவர் வெள்ளைக்காரப் பெண். கனடிய ஆய்வாளர் லோர்னா ரோத் இதை 2009இல் விரிவாக எழுதினார். தென்னாப்பிரிக்காவில் கறுப்பின மக்களின் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்திய அடையாளப் புத்தகங்களுக்குப் போலராய்டின் ஐ.டி.-2 கேமரா பயன்பட்டது. அதில் ஃபிளாஷ் வெளிச்சத்தைக் கூட்டும் பொத்தான் இருந்தது. அந்த நிறுவனத்தில் வேலைபார்த்த கரோலின் ஹன்டரும் கென் வில்லியம்சும் 1970இல் தொடங்கிய எதிர்ப்பு, 1977இல் போலராய்டு அந்நாட்டைவிட்டு வெளியேறியதில் முடிந்தது.

டிஜிட்டல் கேமரா வந்தபின் இது பழங்கதையாகிவிட்டது என்று சொல்வாருண்டு. விசாப் படம் எடுக்கும் அறையில் நடப்பதைக் கவனித்தால் அப்படிச் சொல்ல முடியாது. தானாக ஒளியளக்கும் கேமரா, தன் முன்னால் உள்ள காட்சி மொத்தமாக ஒரு நடுத்தரச் சாம்பல் நிறம் என்று அனுமானித்துக்கொண்டு வேலைசெய்கிறது. சட்டகத்தில் பாதி வெள்ளைத் திரையாக இருந்தால் காட்சி மிகப் பிரகாசமானது என்று நினைத்து வெளிச்சத்தைக் குறைக்கும். திரை மங்கும், அதன் முன்னால் இருக்கும் மாநிற முகம் மேலும் கறுக்கும், கண்குழியும் மூக்கின் பக்கமும் விவரம் இழக்கும். வெளிறிய முகமாக இருந்தால் இந்தப் பிழை பெரிதாகத் தெரியாது. கறுத்த முகத்துக்குத்தான் தண்டனை. இதைச் சரிசெய்யச் சிலர் ஃபிளாஷை நேராக முகத்தில் அடிப்பார்கள். நெற்றியும் கன்னமும் எண்ணெய் வைத்ததுபோல் மினுங்கும், தலைக்குப் பின்னால் கறுப்பு வளையமாக நிழல் விழும். இரண்டுமே தள்ளுபடிக்குக் காரணமாகும்.

சரியான வழி கடினமானதல்ல. ஆளைத் திரையிலிருந்து சில அடி தள்ளி உட்காரவைத்து, இரு பக்கமும் குடை விளக்கு, முடிந்தால் திரைக்குத் தனி விளக்கு, முகத்தைப் பார்த்து ஒளியளவு. கேமரா குறைந்தது நான்கடி தூரத்தில் இருக்க வேண்டும் என்று அமெரிக்க வழிகாட்டி சொன்னதற்கும் காரணம் உண்டு. ஓரடி தூரத்தில் எடுத்த செல்ஃபியில், ஐந்தடி தூரத்தில் எடுத்ததைவிட மூக்கு முப்பது விழுக்காடு அகலமாகத் தோன்றும் என்று 2018இல் அமெரிக்க முக அறுவை மருத்துவர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். செல்போனில் வீட்டுச் சுவரோரம் எடுத்த படம் ஏன் சில நேரம் வேறு ஆள் போல் இருக்கிறது என்பதற்கு இதுவே விளக்கம்.

ஸ்டுடியோக்களின் பழக்கமும் இங்கே குறுக்கே நிற்கிறது. நெகட்டிவில் பென்சிலால் தொட்டுச் சுருக்கத்தை மறைத்த காலம் முதல், முகத்தை ‘டச்சப்’ செய்து கொஞ்சம் வெளுப்பாக்கித் தருவது நம் ஊர்த் தொழிலில் மரியாதையாகவே கருதப்பட்டது. கல்யாண ஆல்பத்துக்கு அது சரி. மரு, தழும்பு, தோல் நிறம் எதையும் மாற்றக்கூடாது என்ற விசா விதிக்கு முன்னால் அதே மரியாதை குற்றமாகிறது. ஃபில்டரும் செயற்கை நுண்ணறிவுத் திருத்தமும் கூடாது என்று அமெரிக்க வெளியுறவுத் துறை இப்போது வெளிப்படையாகவே சொல்கிறது. பல செல்போன்களோ கேட்காமலேயே முகத்தை வழவழப்பாக்கிவிடுகின்றன.

இயந்திரம் சொல்லும் காரணம்

இணையத்தில் படத்தை ஏற்றியவுடன் ஏற்பதா தள்ளுவதா என்று மென்பொருளே சொல்லிவிடும் முறை, மூன்றாவது விடையின் உச்சம். அதன் ஆதரவாளர்கள் சொல்வது எளிதில் ஒதுக்கத்தக்கதல்ல. தபாலில் அனுப்பி மூன்று வாரம் கழித்துத் திரும்பி வருவதைவிட, உட்கார்ந்த இடத்திலேயே குறை தெரிந்து வேறு படம் எடுப்பது மேல். மனித அதிகாரியின் மனநிலையும் இதில் இல்லை.

ஆனால் 2016 டிசம்பரில் நியூசிலாந்தில் ஆசிய வம்சாவளி இளைஞர் ஒருவரின் பாஸ்போர்ட் படத்தை, கண்கள் மூடியிருக்கின்றன என்று சொல்லி மென்பொருள் தள்ளியது. கண்கள் நன்றாகத் திறந்தே இருந்தன. பிரிட்டனின் இணையச் சோதனை முறையை 2020இல் பி.பி.சி. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அரசியல்வாதிகளின் படங்களைக் கொண்டு ஆராய்ந்தது. கறுத்த தோல் பெண்களின் படங்களில் 22 விழுக்காடும் வெளிறிய தோல் பெண்களின் படங்களில் 14 விழுக்காடும் தரம் குறைந்தவை என்று சொல்லப்பட்டன; ஆண்களில் அது முறையே 15, 9. மிகக் கறுத்த, மிக வெளிறிய தோல்களில் முறைக்குச் சிக்கல் உண்டு என்பது உள்துறைக்கு முன்பே தெரிந்திருந்தது என்பதும், ஒட்டுமொத்தச் செயல்பாடு போதுமானது என்று கருதி நடைமுறைப்படுத்தினார்கள் என்பதும் அதற்கு முந்தைய ஆண்டே தகவல் உரிமைக் கோரிக்கை வழியாக வெளிவந்திருந்தன.

இங்கே இரண்டு விஷயங்களைக் குழப்பிக்கொள்வது வழக்கமாகிவிட்டது. படம் தரமானதா என்று பார்ப்பது ஒரு வேலை. இரண்டு படங்களில் இருப்பவர் ஒருவரேயா என்று பார்ப்பது வேறு வேலை. இரண்டாவதைப் பற்றித்தான் அமெரிக்கத் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2019 டிசம்பரில் பேரறிக்கை வெளியிட்டது: 99 நிறுவனங்களின் 189 அல்காரிதங்கள், ஏறத்தாழ 85 லட்சம் பேரின் ஒரு கோடியே 80 லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள். ஒருவரை இன்னொருவர் என்று தவறாகப் பொருத்தும் பிழை, பல அல்காரிதங்களில் ஆப்பிரிக்க, கிழக்காசிய முகங்களுக்குப் பத்து முதல் நூறு மடங்கு அதிகம். சீனாவில் உருவான சிலவற்றில் கிழக்காசிய முகங்களுக்கு அந்தக் கோளாறு இல்லை. எந்த முகங்களைக் காட்டிப் பழக்குகிறோமோ அதில் இயந்திரம் தேறுகிறது என்று இதை வாசிப்பது நியாயம். ஆனாலும் அறிக்கை அதைக் காரணமாக நிறுவவில்லை. அல்காரிதங்களிடையே வேறுபாடும் மிகப் பெரிது. இந்தப் பிழை ஏற்படும்போது விசாப் படம் தள்ளப்படுவதில்லை, வேறொருவரின் படமாகப் பொருத்தப்படுகிறது. ஆகவே ‘தள்ளுபடிக்கு இனப்பாகுபாடே காரணம்’ என்று நிஸ்ட் அறிக்கையைக் காட்டி எழுதுவது பிசகு. அதற்குத் தகுந்த சான்று பி.பி.சி. செய்தது போன்ற தரச்சோதனை ஆய்வுகளே. அவையோ சொற்பம்.

மேசைக்குப் பின்னால் இருப்பவர்

இயந்திரத்தைக் குறைசொல்பவர்கள் பெரும்பாலும் மனிதக் கண்ணிடம் திரும்பிப் போகலாம் என்கிறார்கள். ஆராய்ச்சி அதற்கு இடம் கொடுக்கவில்லை. டேவிட் வைட்டும் சகாக்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், ஆஸ்திரேலியப் பாஸ்போர்ட் அதிகாரிகள் எதிரே நிற்கும் ஆளையும் படத்தையும் ஒப்பிட்டார்கள். வேறொருவரின் படத்தை 14 விழுக்காடு வேளைகளில் ஏற்றுக்கொண்டார்கள். பல ஆண்டு அனுபவம் எந்த உதவியும் செய்யவில்லை. 2011இல் ராப் ஜென்கின்ஸ் குழுவினர், இரண்டு டச்சுப் பிரபலங்களின் நாற்பது படங்களைக் கொடுத்து, ஆள்வாரியாகப் பிரிக்கச் சொன்னார்கள். அந்த முகங்களை அறியாத பிரிட்டிஷ்காரர்கள் சராசரியாக ஏழெட்டு ஆட்களாகப் பிரித்தார்கள். தெரிந்த முகத்தை எந்தப் படத்திலும் அடையாளம் காண்போம், தெரியாத முகத்தில் தடுமாறுவோம். குடியேற்ற அதிகாரிக்கு விண்ணப்பதாரர் எல்லோருமே தெரியாத முகங்கள்தான்.

இந்த உளவியல் மரபிலிருந்து விதிகளுக்கே எதிரான யோசனைகள் எழுந்திருக்கின்றன. ஒரு படத்துக்குப் பதிலாகப் பல படங்களைத் தந்தால் பொருத்துவது எளிதாகிறது என்று வைட் குழுவினர் காட்டினார்கள். மிலா மிலேவாவும் மைக் பர்ட்டனும் 2018இல், சிரித்த முகங்களை ஒப்பிடும்போது மனிதர்கள் குறைவாகத் தவறுகிறார்கள் என்று கண்டார்கள். ஒவ்வொருவரின் சிரிப்பும் தனி. அமெரிக்க விசாவுக்கு உணர்ச்சி காட்டாத முகம் வேண்டும். அதே அமெரிக்க வெளியுறவுத் துறை தன் நாட்டுக் குடிமக்களின் பாஸ்போர்ட் படத்தில் மட்டும் இயல்பான புன்னகையை விட்டுவைத்திருக்கிறது. புன்னகை ஆபத்தானது என்று அவர்களே முழுதாக நம்பவில்லை போலும். ஆனால் இவை ஆய்வுக்கூட முடிவுகள், மனிதப் பொருத்தத்துக்கு மட்டும் உரியவை. இயந்திரப் பொருத்தத்துக்கு நிலையான முகபாவமே நல்லது என்ற வாதத்தை இவை உடைத்துவிடவில்லை.

தலைத்துணி, கண்ணாடி, கைக்குழந்தை

முகம் தெரியும்வரை சமயத் தலைத்துணியை அனுமதிப்பது இன்று பெரும்பான்மை நாடுகளின் வழக்கம். பிரான்ஸ் நெடுங்காலம் விலகி நின்றது. அங்கே வசித்த சீக்கியர் ஒருவருக்குத் தலைப்பாகை கழற்றிய படம் தரவில்லை என்பதற்காக வசிப்பு அனுமதி மறுக்கப்பட்டது. 2011இல் ஐ.நா. மனித உரிமைக் குழு அதைத் தவறு என்றது. எப்போதும் தலைப்பாகையோடு இருப்பவரை, தலைப்பாகை இல்லாத படத்தைக் கொண்டு எப்படி எளிதாக அடையாளம் காண முடியும் என்பதை அரசு விளக்கவில்லை என்பது குழுவின் தர்க்கம். சாயலுக்கும் தரப்படுத்தலுக்கும் உள்ள முரண்பாட்டை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. 1960இல் அல்ஜீரியாவில் பிரெஞ்சு ராணுவத்துக்காக மார்க் கரான்ஜே அடையாள அட்டைக்குப் படமெடுத்த சுமார் இரண்டாயிரம் பெண்கள், முக்காட்டை விலக்கும்படி கட்டாயப்படுத்தப்பட்டார்கள். அவர்கள் கேமராவை முறைக்கும் பார்வையைக் கண்டவர்களுக்கு இந்த விவாதம் வெறும் தொழில்நுட்பமல்ல என்பது புரியும்.

மூக்குக் கண்ணாடி விஷயத்தில் விவாதம் குறைவு. 2016 நவம்பர் 1 முதல் அமெரிக்கா கண்ணாடியைத் தடைசெய்தது. கண்ணாடியின் பளபளப்பால் கண் மறைவதே காரணம். பொட்டு, மூக்குத்தி, தோடு முகத்தை மறைக்காதவரை அமெரிக்க விதிகள் தடுக்கவில்லை. இருந்தும் ‘எதற்கு வம்பு’ என்று ஸ்டுடியோவிலேயே கழற்றச் சொல்லிவிடுகிறார்கள். விதி கேட்பதைவிட விதியைப் பற்றிய பயம் அதிகம் கேட்கிறது.

கைக்குழந்தையை வெள்ளை விரிப்பில் மல்லாத்திப் படுக்கவைத்து மேலிருந்து எடுக்கச் சொல்கின்றன வழிகாட்டிகள். தாங்கும் கை தெரியக்கூடாது. பிரிட்டன், ஒரு வயதுக்குட்பட்டவர்களின் கண் திறந்திருக்கத் தேவையில்லை என்று விட்டுக்கொடுக்கிறது. நிழல் விழாமல் குனிந்து எடுக்கத் தெரிந்தவர் கிடைத்தால் பெற்றோருக்கு அதிர்ஷ்டம்.

கையிலிருந்து கைக்கு

2014இல் இத்தாலியின் போலோன்யா பல்கலைக்கழகத்தில் ஃபெர்ராரா, ஃப்ராங்கோ, மால்தோனி ஆகிய மூவர், இருவரின் முகங்களைக் கணினியில் கலந்து உண்டாக்கிய ஒரே படம், இருவருக்குமே பொருந்துவதாக முகச்சோதனைக் கருவியை ஏமாற்றும் என்று காட்டினார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து ஜெர்மனியில் ‘பெங்’ என்ற செயற்பாட்டாளர் குழு, தங்களில் ஒருவரின் முகத்தை அப்போதைய ஐரோப்பிய வெளியுறவுப் பொறுப்பாளர் ஃபெடரிகா மொகெரினியின் முகத்தோடு கலந்து, அந்தப் படத்துக்கு உண்மையான பாஸ்போர்ட்டே வாங்கிவிட்டது. அளவு, ஒளி, பின்னணி என எல்லா விதிக்கும் உட்பட்ட படம் அது. நல்ல படம் என்றால் என்ன என்பதற்கு அதுவரை சொல்லப்பட்ட மூன்று விடைகளும் அந்த இடத்தில் தோற்றன.

நான்காவது விடை அங்கிருந்துதான் பிறக்கிறது: படத்தைப் பார்க்காதே, அது வந்த வழியைப் பார். 2025 மே 1 முதல் ஜெர்மனியில் பாஸ்போர்ட்டுக்கும் அடையாள அட்டைக்கும் காகிதப் படம் செல்லாது. அலுவலகத்திலேயே எடுக்க வேண்டும், அல்லது பதிவுபெற்ற புகைப்படக்காரர் பாதுகாப்பான இணைய வழியில் நேரே அனுப்ப வேண்டும். அலுவலகத்தில் மட்டுமே எடுப்பது என்றுதான் முதலில் திட்டம்; பிழைப்பு போய்விடும் என்று ஸ்டுடியோக்காரர்கள் எதிர்த்ததால் இரண்டாவது வழி திறந்தது. இலங்கையில் பாஸ்போர்ட்டுக்கு அங்கீகாரம் பெற்ற ஸ்டுடியோவில்தான் எடுக்க வேண்டும். படம் துறையின் கணினிக்குப் போய்விடும், விண்ணப்பதாரர் கையில் ரசீதுதான் இருக்கும். இந்தியாவில் பாஸ்போர்ட் சேவா மையங்களில் கவுன்டரிலேயே எடுத்துக்கொள்கிறார்கள். நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத்தான் பிரிண்ட் கொண்டுபோக வேண்டும்.

மோசடித் தடுப்பு என்ற அளவில் இந்த விடை மற்றவற்றைவிட வலுவானது என்று கருத இடமிருக்கிறது. ஆனால் படத்தின் தரம் இதனால் தானாக உயர்ந்துவிடாது. அவசர வரிசை, குழல்விளக்கு வெளிச்சம், மேசைமேல் நிலையாக நிற்கும் சின்னக் கேமரா, சக்கர நாற்காலிக்கு இறங்காத அதன் உயரம்: வெள்ளைத் திரையின் முன் நடந்த அநியாயம் இங்கே அரசுச் செலவில் நடக்கலாம். ஸ்டுடியோவில் பிடிக்கவில்லை என்றால் இன்னொன்று எடுக்கச் சொல்லலாம், கடையை மாற்றலாம். கவுன்டரில் அது அலுவலரின் பொறுமையைப் பொறுத்தது.

விடை வராத இடங்கள்

தரச்சோதனை மென்பொருள்கள் எந்த எல்லைக்கோட்டில் ‘தள்ளு’ என்கின்றன, அந்தக் கோடு எல்லாத் தோல் நிறங்களுக்கும் ஒரே அளவு பிழை தருகிறதா என்பது முதலில் தெரிய வேண்டியது. நியூசிலாந்தையும் பிரிட்டனையும் பற்றிப் பேச முடிவதே, பாதிக்கப்பட்டவர்களும் பத்திரிகையாளர்களும் தோண்டியதால்தான். விசா விண்ணப்பத்துக்கு அந்த வாய்ப்பும் குறைவு. பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிப்பவர் அந்நாட்டின் குடிமகன். அவருக்குத் தொகுதி உறுப்பினர் உண்டு, தகவல் கேட்கும் உரிமை உண்டு. விசா கேட்பவர் வெளியாள். அவர் மறுபேச்சின்றி இன்னொரு படம் எடுத்துக்கொண்டு வருவார். ஆகவே விசாப் படத் தள்ளுபடிகளைப் பற்றிய ஆய்வு, பாஸ்போர்ட் படங்களைப் பற்றியதைவிட மெலிந்திருப்பதில் வியப்பில்லை. இந்தக் கட்டுரையில் வந்த சான்றுகளில் பலவும் பாஸ்போர்ட்டிலிருந்து விசாவுக்கு நீட்டிப் பேசப்பட்டவையே. அந்த நீட்சி எவ்வளவு தூரம் தாங்கும் என்பதைச் சற்று எச்சரிக்கையோடுதான் கொள்ள வேண்டும்.

ஷெங்கன் விசா முறையில், விண்ணப்ப நேரத்திலேயே முகத்தை நேரடியாகப் படமெடுக்க 2021இல் திருத்தப்பட்ட ஐரோப்பிய ஒழுங்குவிதி வழி செய்திருக்கிறது. 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாகத் தொடங்கிய எல்லைப் பதிவு முறை, வெளிநாட்டுப் பயணிகளின் முகத்தை எல்லையிலேயே பிடித்துவைக்கிறது. இவை இரண்டும் முழுதாகக் கூடிவந்தால் ஸ்டுடியோவில் எடுத்த படத்துக்கு வேலையே இல்லாமல் போகலாம். அல்லது அமெரிக்க விண்ணப்பத்தில் நடப்பதுபோல், படத்தை ஏற்றவும் வேண்டும், மையத்தில் இன்னொரு முறை முகம் காட்டவும் வேண்டும் என்று இரட்டைச் சுமையாக நீடிக்கலாம். இதுவரையிலான வரலாறு இரண்டாவதற்கே சாதகமாக இருக்கிறது.

குழந்தைகளின் முகம் இந்த விவாதங்கள் எல்லாவற்றுக்கும் வெளியே நிற்கிறது. ஆறு மாதத்தில் எடுத்த படம் மூன்று வயதில் யாருக்கும் பயன்படாது, மனிதருக்கும் சரி, இயந்திரத்துக்கும் சரி. பல நாடுகள் சிறார் பாஸ்போர்ட்டுக்கு ஐந்தாண்டு கொடுத்துவிட்டு, அதற்குள் ஒட்டப்படும் விசாக்களுக்கு மட்டும் ஆறு மாதத்துக்குட்பட்ட புதுப் படம் கேட்கின்றன. இரண்டு படங்களும் ஒரே புத்தகத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். எல்லையில் எதை நம்ப வேண்டும் என்பது அந்த நேரத்தில் கவுன்டரில் இருப்பவரின் முடிவாகவே இன்னும் இருக்கிறது.